செராமிக் டிஸ்க் போட்ட பாவிச்ச கார்: தேய்மானத்தை என்ன மாதிரிப் பாக்கிறது?

கரவெட்டிப் பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். என்ரை சித்தப்பாவின்ரை மகன் கொழும்பிலை ஒரு பாவிச்ச போர்ஷே கயான் பாத்து வைச்சிருக்கிறார். 2020இலை இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு பாவிச்ச வாகனங்களின்ரை விலை ஏறின கதை எல்லாருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியிலை திறந்துவிட்டாலும் வரியைப் பாத்தால் புதுசுக்குக் கிட்டப் போகேலாது. அதாலை பாவிச்சதுதான். எஞ்சின், கியர், சீற் எல்லாம் திருப்தி. யோசினை பிரேக்கிலைதான்.

நாலு சில்லிலையும், பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கலிப்பர் மஞ்சள் நிறம். "இது செராமிக் டிஸ்க், கார் இருக்குமட்டும் மாத்தத் தேவையில்லை" எண்டு விக்கிறவர் சொல்றார். அதைச் சொல்லியே விலையும் கூட்டிக் கேக்கிறார். அங்கை ஒரு கராஜிலை சில்லைக் கழட்டாமலே வேர்னியர் வைச்சு அளந்துபோட்டு, தடிப்புக் குறையேல்லை, புதுசுதான் எண்டு சொல்லிப்போட்டினம்.

நான் டோர்ச் அடிச்சு வடிவாப் பாத்தன். முன் வலது டிஸ்க்கின்ரை முகத்திலை மயிரளவு வெடிப்புகள் ஒண்டோடொண்டு பின்னிக் கிடக்கு. துளைகளின்ரை வாயைச் சுத்திச் சொரசொரப்பு. வெளி விளிம்பிலை ஒரு இடத்திலை நகக்கண் அளவு பெயர்ந்திருக்கு. இது தேய்மானமோ, செராமிக் எண்டால் இப்பிடித்தானோ? காசு குடுக்க முதல் என்னத்தைப் பாக்க வேணும்?

வெசல்காரன்

என்ரை ஹொண்டா வெசலுக்கும் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி றோட்டிலை செராமிக் எண்டு சொல்லித்தான் போட்டவை. தூள் குறைவு, கீச்சுச் சத்தமும் இல்லை. ரெண்டும் ஒரே சாமானோ?

கோண்டாவில் கராஜ்

வெசல் தம்பி, உங்களுக்குப் போட்டது பேட், கலிப்பருக்குள்ளை இருந்து டிஸ்க்கிலை உரசுற கட்டை. டிஸ்க் கார் வரேக்கை இருந்த அதே வார்ப்பிரும்புதான். பேட்டின்ரை கலவையிலை உருக்குத் துணுக்குக்குப் பதிலாச் செராமிக் நார் போட்டிருப்பினம், அதாலை தூளும் சத்தமும் குறைவு. நல்ல பேட்தான், பயப்பிடாமல் ஓடுங்கோ. யாழ்ப்பாணத்திலை ஓடுற அக்குவா, அக்சியோ, வகன் ஆர், வெசல் ஒண்டுக்கும் செராமிக் டிஸ்க் வாறேல்லை.

கரவெட்டித் தம்பி, முதல்லை அது உண்மையிலேயே செராமிக்தானோ எண்டு பாருங்கோ. கலிப்பருக்கு மஞ்சள் பெயின்ற் ஆரும் அடிக்கலாம். பழைய ஸ்பீக்கரிலை கழட்டின காந்தம் ஒண்டை மெல்லிய சீலையாலை சுத்தி, ஆறின டிஸ்க்கின்ரை முகத்திலை வையுங்கோ. இழுத்துப் பிடிச்சால் இரும்பு. பிடிக்காட்டி மேற்கொண்டு கதைக்கலாம். நடுவிலை இருக்கிற தொப்பியிலை வைச்சுப் பாக்காதேங்கோ, அது வேறை உலோகம். பேட் தேய்க்கிற முகத்திலைதான் வைக்க வேணும்.

வெள்ளைக் கலிப்பரோடை வாற கயானும் இருக்கு. மூண்டாம் தலைமுறைக் கயானோடை வந்த அமைப்பு அது. வார்ப்பிரும்பு டிஸ்க்குக்கு மேலை மெல்லிய தங்ஸ்ரன் கார்பைட் பூச்சு. முகம் பாக்கக் கண்ணாடிதான். அதையும் சிலபேர் செராமிக் எண்டு சொல்லி விப்பினம். காந்தம் அதைப் பிடிக்கும்.

வேர்னியர் கதையைப் பற்றி ஒண்டு. இரும்பு டிஸ்க்குக்கே அந்த அளவு சரிவராது. பேட் படாத வெளி விளிம்பிலை ஒரு வரம்பு எழும்பி நிக்கும், வேர்னியரின்ரை வாய் அந்த வரம்பிலைதான் இருக்கும். உள்ளே குழிஞ்சு கிடந்தாலும் புது டிஸ்க்கின்ரை தடிப்பைத்தான் காட்டும். விளிம்பிலை இருந்து 10 மில்லிமீற்றர் உள்ளுக்கு, மைக்ரோமீற்றரை வைச்சு, சுத்தி எட்டு இடத்திலை எடுக்க வேணும். செராமிக்குக்கு அதுவும் காணாது எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். நெக்கார்க்கரை அண்ணை வந்து சொல்லட்டும், அவர் ஜேர்மனியிலை உதிலைதான் நிக்கிறவர்.

நெக்கார்க்கரை

நன்றி கோண்டாவில். தம்பி, ஸ்ருட்கார்ட் பக்கம் நான் வேலை செய்யும் பட்டறைக்கு இந்த டிஸ்க்குகள் வழமையாக வரும். முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுகிறேன்: தடிப்பை மட்டும் அளந்து சொன்ன பதிலை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

இரும்பு டிஸ்க் மேற்பரப்பில் தேய்கிறது. எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவு தடிப்புக் குறையும், அளந்தால் தெரியும். செராமிக் டிஸ்க்கின் கதை வேறு. நறுக்கிய காபன் நாரைப் பிசினோடு சேர்த்து அச்சில் அழுத்துவார்கள். அதைக் காற்றில்லாத உலையில் சுட்டுக் கரியாக்குவார்கள். சிலிக்கன் உருகுவது 1414 பாகை செல்சியசில். அதற்கும் மேலான சூட்டில் உருகிய சிலிக்கனை அந்தக் கரிக்குள் உறிஞ்சவிடுவார்கள். உறிஞ்சிய சிலிக்கன் காபனோடு சேர்ந்து சிலிக்கன் கார்பைட் ஆகும். அது மிகக் கடினமான பொருள், பேட் அதை இலகுவில் தேய்க்காது. விக்கிறவர் "மாத்தத் தேவையில்லை" என்று சொல்வது இந்தக் கடினத்தை வைத்துத்தான்.

ஆனால் அந்தக் கடினத்துக்கு நடுவே காபன் நார் அப்படியே இருக்கிறது. காபன் எரியும். டிஸ்க் ஏறத்தாழ 400 பாகையைத் தாண்டிச் சூடாகும் ஒவ்வொரு முறையும் நார் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு சேர்ந்து வாயுவாகப் போய்விடும். வெளியே தடிப்பு அப்படியே நிற்கும். ஊரில் பழைய வீட்டுக் கூரையைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், கறையான் அரித்த பனந்தீராந்தி பார்வைக்குப் பருமனாகத்தான் கிடக்கும், தூக்கினால் பாரம் இருக்காது. இந்த டிஸ்க்கையும் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

அதனால்தான் செராமிக் டிஸ்க்கின் தொப்பியில் ஆகக்குறைந்த தடிப்போடு ஆகக்குறைந்த பாரத்தையும் பொறித்திருப்பார்கள். போர்ஷே 2001இல் 911 ஜி.டி.2 காரோடு இந்தப் பிரேக்கைக் கொண்டுவந்தது. அதன் முதல் தலைமுறை டிஸ்க்குகளைக் கழற்றி நிறுத்துத்தான் தேய்மானத்தைச் சொன்னோம். கோர்வெட் இசட்.ஆர்.1 காருக்கும் அதே முறைதான். பாரம் பொறித்த அளவுக்குக் கீழே போனால் டிஸ்க் முடிந்தது. முகம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் கணக்கில்லை.

இப்போது கழற்றாமலே அளக்க ஒரு கருவி உண்டு. சுவிஸ் நிறுவனமான புரொசெக் செய்த கார்போடெக். டிஸ்க் முகத்தில் மூன்று இடங்களில் வைத்து அளந்து, டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் இலக்கங்களோடு ஒப்பிடுவோம். மூன்றில் ஒன்று வரம்பைத் தாண்டினாலும் டிஸ்க் மாற்ற வேண்டியதுதான். கொழும்பில் எடுப்பதென்றால் அந்தக் கருவியும் செய்யப் பழகிய ஆளும் உள்ள இடமாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தராசு போதும், தராசு பொய் சொல்லாது.

வெடிப்பைப் பற்றி. மயிரளவு வெடிப்புகள் முகம் முழுக்க ஒரே சீராகப் பின்னிக் கிடந்தால் அது இந்தப் பொருளின் இயல்பு. உலையிலிருந்து ஆறும்போது நாரும் கார்பைட்டும் ஒரே அளவில் சுருங்காததால் வருவது. புது டிஸ்க்கிலும் பார்க்கலாம். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு ஓடும் வெடிப்பு, விளிம்பைத் தொடும் வெடிப்பு, தொப்பியைப் பிடிக்கும் போல்ட்டுகளைச் சுற்றி வரும் வெடிப்பு, இந்த மூன்றில் எது கண்டாலும் காரை ஓட்ட வேண்டாம்.

நீங்கள் சொன்னதில் எனக்குப் பிடிக்காதது துளை வாயின் சொரசொரப்பு. துளையில் காற்று அதிகம் படும், அங்கேதான் நார் முதலில் எரியும். எரிந்த இடம் பளபளப்பில்லாமல் மங்கிக் கிடக்கும், விரலால் தடவினால் நார் நுனி குத்தும். முன் இடது டிஸ்க்கிலும் அப்படியா, வலதில் மட்டுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அறிவியல்நகர் மாணவி

நெக்கார்க்கரை அண்ணா, அந்தக் கார்போடெக் கருவி சுழிப்போட்டத்தை வைத்துத்தானே வேலை செய்கிறது? சுருளில் ஆடலோட்டம் விட்டால், பக்கத்தில் உள்ள கடத்தியில் ஓட்டம் தூண்டப்படும். காபன் நார் மின்னை நன்றாகக் கடத்தும். நார் எரிந்து குறையக் குறைய டிஸ்க்கின் கடத்துதிறன் குறையும், சுருள் உணரும் சைகையும் மாறும். நான் விளங்கிக்கொண்டது சரியா?

இன்னொரு சந்தேகம். நார் முழுக்க எரிந்தால் பிரேக் பிடிக்காமல் போகுமா, டிஸ்க் உடையுமா? எதற்காக வரம்பு வைக்கிறார்கள்?

நெக்கார்க்கரை

முழுக்கச் சரி தங்கச்சி. அதனால்தான் உலோகத் தொப்பிக்குக் கிட்டவோ விளிம்பிலோ வைத்து அளக்கக் கூடாது, அளவு பிழைக்கும்.

வரம்பு டிஸ்க்கின் பலத்துக்காக. சிலிக்கன் கார்பைட் கடினம், ஆனால் நொறுங்கும். வெடிப்பு ஒன்று தொடங்கினால் அதை ஓடவிடாமல் பிடித்து வைத்திருப்பது நார். நார் போனால் மிஞ்சுவது கோப்பை உடைவதைப் போல உடையக்கூடிய ஓடு. பிரேக் அதுவரை பிடித்துக்கொண்டேதான் இருக்கும், காலுக்கு வித்தியாசம் தெரியாது. பேட்டில் உள்ள சென்சரும் பேட் முடிவதைத்தான் சொல்லும், டிஸ்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஓட்டுகிறவருக்கு முன்னறிவித்தல் கிடைக்காது என்பதால்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பருத்தித்துறை லேத்

முகம் சொரசொரப்பெண்டால் லேத்திலை ஏத்தி ஒரு மெல்லிய கடைசல் விட்டால் சரிவராதோ? இரும்பு டிஸ்க் எத்தினையோ நாங்கள் கடைஞ்சு குடுத்திருக்கிறம்.

நெக்கார்க்கரை

ஐயா, இதுக்கு அது வேண்டாம். சாதாரணக் கடைசல் உளி கார்பைட்டில் ஏறாது, உளிதான் போகும். வைரக்கல் வைத்து அரைத்தாலும், காற்றுப் படாமல் நாரைக் காப்பாற்றி வந்த மேல்படையை எடுத்துவிடுவோம், பிறகு இன்னும் கெதியாக எரியும். வெளிநாடுகளில் சில வகை டிஸ்க்குகளை மறுபடி சிலிக்கன் ஊட்டிப் புதுப்பிக்கிறார்கள், அது அதற்கென்றே உள்ள உலைகளில். கார்க் கம்பனி போட்டுவிடும் நறுக்கு நார் டிஸ்க்கை வரம்பு தாண்டினால் மாற்றுவதுதான்.

ஆனால் உங்களால் தம்பிக்கு வேறொரு பெரிய உதவி செய்ய ஏலும். போர்ஷேயின் சில்லை ஹப்பில், அதாவது சில்லுப் பூட்டும் நடுக் குடத்தில், பிடிப்பது போல்ட், நட்டு இல்லை. ஜப்பான் காரில் ஹப்பிலிருந்து ஸ்ரட் வெளியே நீட்டி நிற்கும், சில்லை அதில் கொழுவலாம். இங்கே கொழுவ ஒன்றும் இல்லை. போல்ட்டைக் கழற்றினதும் சில்லு நழுவி, அதன் உட்பக்கம் டிஸ்க்கின் விளிம்பில் இடிக்கும். நகக்கண் அளவு பெயர்வு அப்படித்தான் பெரும்பாலும் வருகிறது, ரயர் மாற்றப் போன இடத்தில். அதுக்கு ரெண்டு வழிகாட்டி ஊசி வேண்டும். 14 மில்லிமீற்றர், 1.5 புரி. ரெண்டு போல்ட்டை எடுத்து அந்த இடத்தில் ஊசியைத் திருகி, பிறகு மற்றதைக் கழற்றினால் சில்லு ஊசியில் தொங்கியபடி நேரே வெளியே வரும்.

பருத்தித்துறை லேத்

அது பெரிய வேலை இல்லை. தம்பி வரட்டும், ஒரு சாண் நீளத்திலை ரெண்டு கடைஞ்சு தாறன். நுனியை உருட்டி விடுறன், சில்லின்ரை துளையிலை கீறாது.

ஆனைக்கோட்டையான்

நான் கொஞ்சம் மாறிக் கதைக்கிறன், கோவிக்காதேங்கோ. யாழ்ப்பாணத்திலை எங்கை ஏத்தம் இருக்கு, எங்கை இறக்கம் இருக்கு? கண்டி-யாழ்ப்பாண ஏ9 றோட்டிலை சட்டப்படி ஓடினால் மணிக்கு 70 கிலோமீற்றர். முறிகண்டியிலை தேங்காய் உடைக்க நிப்பாட்டேக்கை சில்லைத் தொட்டுப் பாத்தால் சூடே இருக்காது. இந்த ஊருக்குச் செராமிக் என்னத்துக்கு? ஒரு டிஸ்க் மாத்திற காசிலை இஞ்சை ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் எடுக்கலாம். கழட்டி வைச்சுப்போட்டு இரும்பு டிஸ்க்கும் அதுக்குரிய பேட்டும் போட்டு ஓடச் சொல்லுங்கோ. வெளிநாட்டிலை பந்தயத் தடத்திலை ஓடுறவையே செலவுக்காக இரும்புக்கு மாத்திறவை எண்டு வாசிச்சிருக்கிறன்.

கோண்டாவில் கராஜ்

ஆனைக்கோட்டை, பாதி சரி, பாதிக்கு நான் ஒத்துவரமாட்டன்.

சூடேறாத ஊர் எண்டது செராமிக்குக்கு நல்லது. 400 பாகை எங்கடை றோட்டிலை வராது, மாடு குறுக்கை வந்து ஒருக்கா இறுக்கி மிதிச்சாலும் வராது. அதாலை நல்ல நிலையிலை உள்ள டிஸ்க் இஞ்சை வந்தால் நெடுங்காலம் நிக்கும். ரெண்டாவது, உப்பு. பண்ணைப் பாலத்தாலை தீவுப் பக்கம் போய்வாற ஆக்களின்ரை இரும்பு டிஸ்க்கை நான் கையிலை எடுக்கிறனான். ரெண்டு நாள் நிப்பாட்டி வைச்சால் முகம் செம்மஞ்சளாத் துருப்பிடிச்சிருக்கும். ஹைபிரிட் கார் எண்டால் இன்னும் மோசம், மோட்டர்தான் வேகத்தைக் குறைக்கும், பேட் டிஸ்க்கிலை வடிவாப் படாது, துரு உரசுப்படாமல் ஆழமா இறங்கும். வெசல் தம்பி, உங்கடை பின் டிஸ்க்கின்ரை உள்முகத்தை ஒருக்காப் பாருங்கோ. வெளிமுகம் பளபளக்கும், உள்முகத்திலை அரைவாசிக்குப் பேட் படாத கறுத்த வளையம் இருக்கும். செராமிக் டிஸ்க்குக்கு இந்தத் துருக் கரைச்சல் இல்லை. அதைப் பிடிக்கிற போல்ட்டுக்கும் கலிப்பருக்கும்தான் உப்புப் பிடிக்கும்.

நீங்கள் சொன்னதிலை சரியான பாதி, முடிஞ்ச செராமிக்கை வாங்குறதுக்கு இரும்பு போட்ட கார் திறம். ஆனால் மாத்திறதெண்டாலும் அந்த மாடலுக்கெண்டு வாற அளவிலை டிஸ்க்கும் பேட்டும் சேத்து மாத்த வேணும். செராமிக் டிஸ்க்குக்குச் செய்த பேட்டை இரும்பிலை போடுறதோ, இரும்பு பேட்டைச் செராமிக்கிலை போடுறதோ கூடாது.

நெக்கார்க்கரை

கோண்டாவில் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டிஸ்க்கின் பழைய வாழ்க்கையைக் கேளுங்கள். இந்தக் கார் எங்கே ஓடியது? இங்கிலாந்திலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்திருந்தால் சேவைப் பதிவு இருக்கும். நுவரெலியா பக்கம் அடிக்கடி போய்வந்த காரென்றால் றம்பொடை இறக்கம் முழுக்கப் பிரேக்கில் கால் வைத்தே இறங்கினாரா, கியரில் இறங்கினாரா என்பது டிஸ்க்கில் எழுதியிருக்கும். பேட் முடிந்த பிறகும் ஓடியிருந்தால், பேட்டின் பின்தகடு டிஸ்க்கை உரசிய வட்டக் கீறல்கள் தெரியும். நிறுக்கும்போது டிஸ்க்கைத் தொப்பியோடு நிறுக்க வேண்டும், பொறித்த பாரம் முழு டிஸ்க்குக்கு உரியது. தூளைத் தூரிகையால் தட்டி, நன்றாகக் காயவைத்துப் பிறகு நிறுங்கள். அமிலம் கலந்த சில்லுக் கழுவுநீர் எதுவும் டிஸ்க்கில் படவேண்டாம்.

தராசைப் பற்றி. ஆள் நிற்கும் தராசு வேண்டாம். கடைகளில் உள்ள 30 கிலோ டிஜிட்டல் தராசு 5 கிராமுக்குக் காட்டினால் போதும். ஒரு டிஸ்க்கை மூன்று தரம் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

கரவெட்டிப் பொடியன்

எல்லாருக்கும் நன்றி. லேத் ஐயா செய்து தந்த ஊசியைக் கொண்டு போய், கொழும்பிலை தெரிஞ்ச ஒருத்தரின்ரை கராஜிலை விக்கிறவரையும் வைச்சுக்கொண்டே பாத்தம்.

காந்தம் பிடிக்கேல்லை. செராமிக்தான்.

கலிப்பரைக் கழட்டிக் கம்பியாலை கட்டித் தூக்கி வைச்சம், ஹோசிலை பாரம் விழாமல். டிஸ்க்கைத் தூக்கினவுடனை தெரிஞ்சுது, இவ்வளவு பெரிய டிஸ்க் இவ்வளவு பாரம் குறைவோ எண்டு. தொப்பியின்ரை பக்கத்திலை தூளைத் துடைச்சால் எழுத்து வெளிச்சுது. ஆகக்குறைஞ்ச தடிப்பு ஒரு வரி, ஆகக்குறைஞ்ச பாரம் கிராமிலை ஒரு வரி.

தடிப்பு ரெண்டு முன் டிஸ்க்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, மைக்ரோமீற்றரிலை பத்திலொரு மில்லிமீற்றர் வித்தியாசம்கூட இல்லை. பாரத்திலைதான் விசயம். முன் இடது, பொறிச்ச அளவுக்கு மேலை 110 கிராம் நிக்குது. முன் வலது 25 கிராம்தான். பின் ரெண்டும் நல்ல நிலை, வரம்புக்கு எட்ட நிக்குது.

முன் வலதின்ரை முகத்தை வெயிலிலை சரிச்சுப் பிடிச்சுப் பாத்தம். இடது டிஸ்க்கிலை வெளிச்சம் வழுக்கி ஓடுது. வலதிலை நடுப்பகுதியிலை ஒரு பட்டை மங்கலா, சாம்பல் நிறமாக் கிடக்கு. அந்தப் பட்டைக்குள்ளை இருக்கிற துளைகளின்ரை வாயெல்லாம் அரிச்சு அகண்டிருக்கு, வெளியிலை உள்ள துளைகள் வட்டமா அப்பிடியே. விரலாலை தடவ, அண்ணை சொன்ன மாதிரி நார் நுனி குத்தீச்சுது. வெடிப்பு ஒண்டும் துளைக்குத் துளை ஓடேல்லை. விளிம்பிலை பெயர்ந்தது பேட் படுற முகத்துக்கு வரேல்லை.

விக்கிறவர் தராசைப் பாத்துக்கொண்டு நிண்டவர், ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு எங்களைத்தான் கேட்டார், இது ஏன் ஒரு பக்கம் மட்டும் எண்டு. அதைத்தான் நானும் கேக்கிறன்.

நெக்கார்க்கரை

வடிவாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. தராசின் பிழையையும் ஒட்டியிருக்கக்கூடிய தூளையும் கழித்தால் 25 கிராமில் பெரிய மிச்சம் இல்லை. முன் வலது டிஸ்க் முடியும் கட்டத்தில் இருக்கிறது. டிஸ்க்கை ஒரு அச்சில் சோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஆகவே விலை பேசும்போது ரெண்டு முன் டிஸ்க்கும் அதுக்குரிய பேட்டும் என்று கணக்கெடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் எரிந்ததுக்குப் பெரும்பாலும் காரணம் கலிப்பர். அதற்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் ஒன்று இறுகிப் பின்னால் போகாமல் நின்றால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாது. கால் எடுத்த பிறகும் உரசிக்கொண்டே ஓடும், கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறி இறங்கும் ஓட்டத்தில் அந்தச் சில்லு மட்டும் சூடேறிக்கொண்டிருக்கும். மங்கல் பட்டை நடுவில் மட்டும் நிற்பதும் அதோடு பொருந்துகிறது, பேட்டை ஒரு பிஸ்டன் மட்டும் அழுத்தியிருக்கிறது. புது டிஸ்க்கைப் போட்டு இந்தக் கலிப்பரை அப்படியே விட்டால் அதுவும் இதே மாதிரி எரியும்.

கோண்டாவில் கராஜ்

அதைப் பாக்க லேசான வழி இருக்கு. முன்பக்கத்தை ஜக்கிலை ஏத்தி, பிரேக்கை நாலைஞ்சு தரம் மிதிச்சு விட்டுப்போட்டு, நியூட்ரலிலை ரெண்டு சில்லையும் கையாலை சுத்திப் பாருங்கோ. வலது இடதை விட இறுக்கமாச் சுத்தினால் கலிப்பர்தான். பிரேக் எண்ணெய் எப்ப மாத்தினது எண்டும் கேளுங்கோ. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தாட்டி எண்ணெய் ஈரத்தை இழுத்து, உள்ளை பிஸ்டன் ஓடுற இடம் துருப்பிடிக்கும். எங்கடை ஐப்பசி கார்த்திகை ஈரத்திலை அது இன்னும் கெதியா நடக்கும்.

கரவெட்டிப் பொடியன்

சுத்திப் பாத்தம். இடது விரலாலை தள்ளச் சுத்துது, வலது ரெண்டு கையாலை தள்ள வேண்டியிருக்கு. போன முறை எண்ணெய் மாத்தினதுக்குப் பதிவும் இல்லை.

சித்தப்பாவின்ரை மகன் விலையைத் திரும்பக் கதைச்சவர். செராமிக் எண்டு கூட்டிக் கேட்ட காசை விக்கிறவர் முழுக்க விட்டிட்டார், அதுக்கு மேலையும் கொஞ்சம் குறைச்சவர். கார் எடுக்கிறம். வலது கலிப்பரைக் கழட்டித் திருத்தி, முன்னுக்கு இரும்பு டிஸ்க் போட்டு ஓடுறதோ, செராமிக் சோடி எடுப்பிக்கிறதோ எண்டுதான் இப்ப யோசினை. முன்னுக்கு இரும்பும் பின்னுக்குச் செராமிக்குமா விடலாமோ?

நெக்கார்க்கரை

வேண்டாம். முன்னும் பின்னும் பிடிக்கும் விதம் வேறாகும், மழையில் முதல் மிதியில் செராமிக் கொஞ்சம் பிந்திப் பிடிக்கும், இரும்பு உடனே பிடிக்கும். இறுக்கி மிதிக்கும்போது சில்லுப் பூட்டுப்படாமல் பார்க்கும் ஏ.பி.எஸ். கணினி ஒரே வகை டிஸ்க்கை நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. இரும்பென்றால் நாலும் இரும்பு, அந்த மாடல் இரும்பு டிஸ்க்கோடு வந்த அளவில். கழற்றும் பின் டிஸ்க்குகளை எறிய வேண்டாம். பாரத்தையும் பொறித்த இலக்கங்களையும் எழுதி, தடித்த கடதாசி மட்டைக்குள் படுக்க வைத்துக் கட்டிவையுங்கள். காரை விற்கும்போது அந்தச் சோடிக்கும் காசு உண்டு.

கோண்டாவில் கராஜ்

கலிப்பர் வேலைக்கு இஞ்சை கொண்டுவாங்கோ தம்பி. பிஸ்டன் சீலும் தூசு மூடியும் அந்த மாடலுக்குரியது கொழும்பிலை எடுத்துக்கொண்டு வாங்கோ, இஞ்சை கிடையாது. ஏ9இலை வரேக்கை வவுனியாவிலை ஒருக்கா நிப்பாட்டி, நாலு சில்லுக்கும் கிட்டக் கையைப் பிடிச்சுப் பாருங்கோ, தொடாமல். வலது முன்னுக்கு மட்டும் கூடச் சூடடிச்சால் அதுக்கு மேலை மெதுவா வாங்கோ.